பன்னிரண்டு எங்கள் வீடு

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் எண்களை உடைத்துப் பார்க்கும் பைத்தியம் எனக்குப் பிடித்தது. ஒரு எண்ணைப் பகா எண்களாகப் பிரிப்பேன். அதில் ஒன்று இரண்டு முறையும் இன்னொன்று ஒரே முறையும் வந்தால், அந்த எண் என் பட்டியலில் சேரும். பன்னிரண்டு என்றால் இரண்டு, இரண்டு, மூன்று. அப்புறம் பதினெட்டு, இருபது, இருபத்தெட்டு. கும்மிடிப்பூண்டி வெயிலில், இரும்பு ஆலையின் உறுமலைக் கேட்டபடி தரையில் படுத்திருப்பேன். கம்பெனி பஸ்களும் கூட்ஸ் வண்டிகளும் என் கண்ணுக்குள் எண்களாகவே ஊர்ந்து போகும். நாற்பத்து நான்கும் நாற்பத்தைந்தும் கைகோத்து வந்த மதியம் எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அது 2007. அந்த வருடமே பட்டியலைச் சேர்ந்ததுதான் என்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது.

அந்தப் பட்டியலில் எங்கள் வீடும் உண்டு. தம்பிகள் இரட்டையர், நான் ஒற்றை.

அப்போதுதான் ஆரணியிலிருந்து அத்தை வந்தாள், என்னை அழைத்துப் போக. அத்தைக்குக் குழந்தை இல்லை. அம்மாவுக்கோ இடுப்பில் ஒன்று, தூளியில் ஒன்று. இனி நான் அத்தை வீட்டில் வளர்வது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் பக்கம் நடப்பதுதான். என்னைத்தான் யாரும் கேட்கவில்லை. அழுகையும் ஆத்திரமுமாக, பட்டியல் எழுதிய நோட்டை அத்தை முன் விரித்தேன்.

"எங்க ஊடு பன்னெண்டு அத்தை. தம்பிங்க ரெண்டு, ரெண்டு. நான் மூணு. மூணை எடுத்துட்டா நாலாயிடும். லிஸ்ட்லயே இருக்காது."

அத்தை சிரித்தாள். "அப்போ எங்க ஊடு இன்னா நம்பரு கண்ணு?"

நான் யோசிக்கவே இல்லை. "ஒண்ணு. அதை உடைச்சா உள்ள யாருமே இருக்க மாட்டாங்க. அது எந்த லிஸ்ட்லயும் வராது."

அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காத அண்ணி. புள்ள கணக்கு கரெக்டாதான் போட்டுக்கீது."

சாயங்காலம், தலை வலிக்கிறது, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லி, அப்பா தடுத்தும் கேட்காமல் அத்தை தனியாகப் பஸ் ஏறினாள். நான் ஜெயித்துவிட்டேன். ஆலைப் புகைக்குள் சூரியன் சிவந்து கரைய, நூற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். நூற்றுப் பதினாறும் நூற்றுப் பதினேழும் மறுபடி கைகோத்து வந்தன.

கட்டிலில் அத்தை விட்டுப்போன பை கிடந்தது. உள்ளே ஆறாம் வகுப்புச் சீருடை, புதிதாகத் தைத்தது. போட்டுப் பார்த்தேன். தோள், இடுப்பு, நீளம் எல்லாம் அப்படியே பொருந்தின. அளவே எடுக்காமல் எப்படித் தைத்தாள் என்பது மட்டும்தான் அன்று எனக்குப் புரியவில்லை.