எவாரிஸ்தோவின் பெயரில் பூத்த துரு

எங்கள் மீன்பிடி ஊரான கல்புகோவின் எவர்சில்வர் பட்டறையை நினைத்தால் எவருக்கும் முதலில் ஞாபகம் வருவது நோல்பா மான்சில்லாவின் வாய்தான். சால்மன் மீன் ஆலைகளுக்கு மேசையும் தொட்டியும் செய்து அனுப்பும் பட்டறை அது. ஆண்கள் வெட்டி, வளைத்து, பற்றவைத்துப் போடுவார்கள். பற்றவைத்த இடத்துக் கருகலை எடுத்து, தகட்டின் முகத்தில் ஒரே போக்காகக் கோடு இழுத்து மெருகேற்றுவது நோல்பாவின் வேலை. கருகலுக்கு எவர்சில்வர்க் கம்பி பிரஷ், இண்டு இடுக்குக்குக் கட்டைவிரல் அளவு வட்ட பிரஷ், கடைசி மெருகுக்கு மணல் ஏற்றிய நைலான் பிரஷ். எவனாவது பலத்தைக் காட்டி அழுத்தித் தேய்த்தால் விடமாட்டாள்.

"ஏம்ப்பா, மாட்டுக்கா லாடம் அடிக்கிற? அழுத்தினா கம்பி மடங்கிப் படுத்துக்கும். நுனிதான் வேலை செய்யும், முதுகு செய்யாது."

அவள் வாய்க்கு எல்லோரும் பயந்தது இன்னொன்றுக்காக. சாதா இரும்பைத் தேய்க்கும் பிரஷ்களுக்குச் சிவப்புக் கைப்பிடி. அவை வெளிக் கொட்டகையில் தொங்கும். எவர்சில்வருக்கு நீலக் கைப்பிடி. அது மட்டும் உள்ளே. ஒருமுறை மேஸ்திரி உபால்தோவே மறதியாகச் சிவப்பை உள்ளே கொண்டுவந்துவிட்டார். நோல்பா அதைப் பிடுங்கி மழையில் வீசினாள்.

"மேஸ்திரியா இருந்தா என்ன, மேயரா இருந்தா என்ன? இரும்பத் தொட்ட பிரஷ் எவர்சில்வரத் தொடக்கூடாது. கம்பியில ஒட்டிக்கிட்டு வர்ற தூளு இதுல ஏறி உக்காந்துக்கும். உப்புக்காத்து பட்டா துரு பூக்கும். அப்புறம் ஆலைக்காரன் உங்க மூஞ்சியில துப்புவான்."

உபால்தோ மழையில் நனைந்துகொண்டு பிரஷ்ஷைப் பொறுக்கினார். தப்பு தன்னுடையது என்று அவருக்குத் தெரியும்.

அவள் புருஷன் எவாரிஸ்தோ அதற்கு நேர் எதிர். கப்பல் பட்டறையில் இரும்புப் படகுகளின் வயிற்றுத் துருவைச் சுரண்டியே வளர்ந்த மனிதன். மரக் கைப்பிடி போட்ட பழைய கம்பி பிரஷ் ஒன்று வைத்திருந்தான். கட்டைவிரல் அழுந்தி அழுந்திப் பிடியில் ஒரு குழியே விழுந்திருந்தது. "உன் பிரஷ்ஷெல்லாம் சீமாட்டி, என்னுது கூலிக்காரன்" என்று சீண்டுவான். "உன் கூலிக்காரன் என் சட்டிபானை பக்கம் வந்தான்னா, நீ வெளியில படுத்துக்க" என்பாள் இவள். அந்த பிரஷ் வீட்டு வாசல் நிலையில், ஆணியில் தொங்கியபடி கிடந்தது. பிற்பாடு எவாரிஸ்தோ 'கார்மெலீத்தா' என்ற படகில் எஞ்சின்காரனாகச் சேர்ந்தான்.

ஆகஸ்ட் மாதப் புயலில் கார்மெலீத்தா போனது, திரும்பவில்லை. எஞ்சின் நின்றுவிட்டது என்று வானொலியில் ஒரு குரல் கேட்டதோடு சரி. ஒரு உடல்கூடக் கரை சேரவில்லை. பெட்டி இல்லாமல், குளிப்பாட்ட உடம்பு இல்லாமல், மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றி வைத்து அழுத வீடுகள் எங்கள் ஊரில் உண்டு. அந்த அழுகைக்கு முடிவே கிடையாது.

மீனவர் சங்கம் துறைமுகத்தில் போனவர்கள் பெயரைப் பொறித்த ஒரு தகடு வைக்க முடிவு செய்தது. எவர்சில்வர்தான், கடல் தின்னாது என்றார்கள். நோல்பாவுக்கு அந்த வேலையைக் கொடுக்க உபால்தோ தயங்கினார். "வேற யாரு கை வச்சாலும் கைய முறிப்பேன்" என்றாள் அவள்.

எல்லோரும் சாப்பிடப் போன ஒரு மத்தியானம் வேலை முடிந்தது. நைலான் பிரஷ் இழுத்த கோடுகள் இடமிருந்து வலமாக, அலையில்லாத கடல் மாதிரி ஓடின. அப்போது பையைத் திறந்து, காலையில் வாசல் ஆணியிலிருந்து எடுத்து வந்த மரக் கைப்பிடி பிரஷ்ஷை வெளியே எடுத்தாள். தெரியாமல் செய்தாள் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவளுக்குத் தெரியாதா என்ன! குளிப்பாட்டத்தான் கொடுத்து வைக்கவில்லை, அவன் கை பிடித்த ஒன்று அவன் பெயரையாவது தொடட்டும் என்று நினைத்தாள். கட்டைவிரல் குழியில் தன் விரலை வைத்து, அவன் பெயரின் மேல் மட்டும் தேய்த்தாள். பிறகு துணியால் அழுத்தித் துடைத்தாள். துணியே போதும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கடல்காற்றை யார் ஏமாற்ற முடியும்? சில வாரங்களில் எவாரிஸ்தோவின் பெயருக்குக் கீழே பழுப்பாக ஒரு கோடு இறங்கியது. முதலில் பார்த்தவர்கள் பெயரே அழுகிறது என்று சிலுவை போட்டுக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. கார்மெலீத்தாவோடு போன படகுத் தலைவனின் மனைவி ரோசால்பா, ரொட்டிக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"எல்லாரும் சும்மா இருக்க, அவன் மட்டும் ஏன் அழறான்? எஞ்சின் யாரு கையில இருந்துச்சு? செத்தும் அவன் பேரே ஒத்துக்குது."

வரிசையில் பின்னால் ரொட்டிப் பையோடு நோல்பா நின்றிருந்தாள். ஊரையே வாயால் விரட்டியவள் அன்று வரிசையை விட்டு விலகி வீட்டுக்கு நடந்தாள்.

உபால்தோ பட்டறையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "எங்கயோ ஒரு இரும்புப் பொறி பட்டிருக்கும். நீ சத்தமில்லாம போயி தொடச்சிட்டு வந்துடும்மா."

துடைக்கலாம். துடைத்தால், பெண்டாட்டி வந்து புருஷன் பாவத்தை மறைத்துவிட்டாள் என்பார்கள். உண்மையைச் சொன்னால், சிவப்பு நீலம் என்று இத்தனை வருஷம் கத்தியவளின் பேச்சை அப்புறம் யார் மதிப்பார்கள்? அதையாவது தாங்கிக்கொள்ளலாம். அவன் பெயரில் பழியை ஏற்றியது தன் கைதான் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இறந்தோர் நாளன்று போனவர்களின் வீட்டுக்காரர்கள் எல்லோரும் பூவோடு துறைமுகத்துக்கு வந்தார்கள். நோல்பா புது நீல பிரஷ், துருவை எடுக்கக் கரைத்த எலுமிச்சை உப்பு ஒரு டப்பா, மரக் கைப்பிடி பிரஷ் மூன்றையும் கொண்டுவந்து தகட்டின் கீழே வைத்தாள்.

"இது எவாரிஸ்தோ பிரஷ்ஷு" என்றாள். "இரும்பு தேச்சது. இத வச்சு அவன் பேர நான் தேச்சேன். தேக்கக் கூடாதுன்னு தெரிஞ்சே தேச்சேன். அங்க அழறது அவன் இல்ல. எஞ்சின் ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனா இந்தத் துரு என் கையால வந்தது. பேசறதுன்னா என்னப் பேசுங்க."

உபால்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

ரோசால்பா முன்னால் வந்தாள். "எதுக்குத் தேச்ச?"

"குளிப்பாட்ட அவன் உடம்பு வரலையே."

ரோசால்பா குனிந்து மரக் கைப்பிடி பிரஷ்ஷை எடுத்தாள்.

"என் வீட்டுக்கும்தான் வரல" என்றாள்.

தன் புருஷன் பெயரின் மேல், பானை விளக்குகிற மாதிரி மேலும் கீழுமாகப் பரபரவென்று தேய்த்தாள். நோல்பா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தடுக்கத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"குறுக்க தேக்காத, ரோசால்பா" என்றாள் நோல்பா. "கோட்டோட போ. அழுத்தாத. நுனி பட்டா போதும்."

ரோசால்பாவுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் அந்த பிரஷ்ஷுக்காக ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். எலுமிச்சை உப்பு டப்பாவை நோல்பா திறக்கவே இல்லை.