கல்யாணத்தில் வைத்த இசைத்தட்டு

என் மகள் அருளாயியை அவள் மாமியார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பஸ் ஏற்றி அனுப்பியபோது, அவள் பெற்ற பிள்ளை இறந்து பதினாறு நாள்கூட ஆகவில்லை. இரண்டாம் உலகப் போர் மூளுவதற்கு முந்தைய ஆண்டு அது. ஞானஸ்நானம் பெறுமுன்பே போய்விட்ட பிள்ளை. கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, பாட்டும் செபமும் இல்லாமல் புதைத்தார்கள். "உங்க மக ராசி அப்படி" என்று மாமியார் சொல்லி அனுப்பினார்.

நான் அப்போது ஆங்கில ஆசிரியர். சங்கீதம் அறியேன். தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சாமியார் ஒரு கிராமபோனும் மூன்று இசைத்தட்டுகளும் தந்துபோயிருந்தார். பலர் சேர்ந்து லத்தீனில் பாடியவை. ஒரு குரலின்மேல் இன்னொரு குரல் ஏறும். எது எங்கே போகிறதென்று பிடிபடாது. கேட்டு முடிக்கையில் மனம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். அவற்றில் ஒன்றை மகள் கல்யாணத்தில் வைத்தேன். என்ன பாட்டு என்று கேட்டார்கள். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாத நான், "தம்பதிக்கு ஆசீர்வாதம்" என்றேன்.

மகள் திரும்பி வந்த வாரம், புதிதாக வந்த சாமியார் அதை எங்கள் வீட்டில் கேட்டார். "இது இறந்தவங்க பூசையில பாடுறதாச்சே வாத்தியாரே?" என்றார்.

பாட்டால் பிள்ளை சாகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வெளியே சொன்னால் பழி என்மேல் திரும்பும். அது அவள்மேலேயே இருக்கட்டும் என்று விட்டேன். அவள் சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்திருந்தாள். பெரிய வெள்ளிக்கு முந்தைய நாற்பது நாள் தபசுகாலம் முழுவதும், "ஆண்டவரே, அவளை அவள் வீட்டில் சேரும்" என்று மன்றாடினேன். மன்றாடிய வாயாலேயே மறைத்தேன். பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்யக் குனிந்தேன். வாய் வைக்க முடியவில்லை.

மறுநாளே போய்ச் சம்பந்தியம்மாவிடம் சொன்னேன்.

"அம்புட்டுப் படிச்சிட்டு, கல்யாண வீட்டுல எழவுப் பாட்டா வச்சிய அண்ணாச்சி?"

"ஆமா தங்கச்சி. ராசி கெட்டவன் நான்தான். அவ இல்ல."

அவர் சொன்னார்: "புதைச்சப்ப எங்க பிள்ளைக்கு யாருமே பாடலையே. அதை எடுத்துட்டு வாங்க. பெத்தவளையும் கூட்டியாங்க."

பாட்டு ஓடியபோது மாமியார் அருளாயியின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். பிறகு அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

நான் கேட்டதை ஆண்டவர் தந்தார். மறைத்ததை என் கையிலிருந்து வாங்கிக்கொண்ட பின்பே தந்தார். அவருக்கு நன்றி. நீங்களும் ஒன்றுக்காக மன்றாடிக் காத்திருந்தால், யாரிடம் எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆண்டவரை நம்பிப் போய்ச் சொல்லிவிடுங்கள். நான் நாற்பது நாள் தாமதித்தேன். அத்தனை நாளும் அழுதவள் அவள்தான்.