இருபத்தைந்தாவது பெண்

நாகஜோதியைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? திருநகரில் ஒரே டீச்சரிடம்தான் இருவரும் தையல் படித்தோம். சட்டைக்கு நான் காஜா எடுத்தால் கோணும். அவள் எடுத்தால் அச்சடித்தது போல இருக்கும். கல்யாணமாகி ஒரே தெருவுக்கு வேறு வந்து சேர்ந்தோம். ஜாக்கெட் துணியோடு வரும் பெண்கள் என் வாசலைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்குப் போவார்கள்.

பத்து வருஷத்துக்கு முன்னால், பொறுக்க முடியாமல் ஒரு காரியம் செய்தேன். அவள் மாமியார் செல்லத்தாயிடம் போய், "மெஷின் சத்தத்துல கெழவி பொலம்பல் கேக்காம நிம்மதியா இருக்குன்னு ஒங்க மருமக சொல்றா அத்தே" என்றேன். அவளிடம் வந்து, "நீ தச்ச ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு நாலு பேரு முன்னாடி நிக்கக் கூசுதாம் ஒன் மாமியாளுக்கு" என்றேன். இரண்டும் பச்சைப் பொய். ஒரே மாதத்தில் அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. கிழவி பின்கட்டுக்குப் போய், தனியாக ரேஷன் கார்டே வாங்கிவிட்டாள். பேச்சுவார்த்தையும் நின்றது.

அடங்கினாளா? போன வருஷம், மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். சங்கமாகப் பதிந்தால் அரசுப் பள்ளிச் சீருடை தைக்கும் வேலை வரும், மெஷினுக்கு மானியமும் கேட்கலாம் என்றாள். ஆனால் சட்டப்படி இருபத்தைந்து பெண்கள் வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒருத்திதான். தெருத்தெருவாக அலைந்து, தன்னையும் சேர்த்து இருபத்து நாலு பேரைத் திரட்டினாள். மிச்சமிருந்தது நான்.

"ரோகிணிக்கா, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா அம்புட்டு பேருக்கும் பொழப்பு வந்துரும்."

"தலைவி யாரு?"

"எல்லாரும் என்னயச் சொல்றாங்க. ஒங்களுக்கு ஆசையா இருந்தாச் சொல்லுங்கக்கா, பேசுவோம்."

விட்டுக் கொடுக்கிறாளாம், மகராசி! "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றேன். என் வீட்டுக்காரரிடம் நான் எதைத்தான் கேட்டிருக்கிறேன்? ஒரு வாரம் இழுத்தடித்தேன். தினமும் என் வாசலில் வந்து நின்றாள். அந்த ஒரு வாரம் எனக்கு அப்படி இனித்தது. தல்லாகுளம் கூட்டுறவு ஆபீஸுக்கு மனு கொண்டுபோக வேண்டிய அன்று காலை, காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வேன் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து செல்லத்தாய் இறங்கினாள். கட்டைவிரலில் மை.

கூடப் போயிருந்த பாக்கியம் என்னிடம் ஓடி வந்து மூச்சு வாங்கச் சொன்னாள். "காலைல நாகஜோதி பின்கட்டுக் கதவத் தட்டிருக்கா. கெழவி, 'பட்டன் வைக்கிறது நானாச்சு'ன்னு கெளம்பிருச்சு. ஆபீஸரு, 'மாமியா மருமக ஒரே குடும்பந்தானே, செல்லாது'ன்னாரு. மடியிலருந்து கார்ட எடுத்துப் போட்டுச்சு பாரு! தனிக் கார்டு, தனி அடுப்பு, தனிக் குடும்பம். அந்தாளு மனுவ வாங்கி முத்திரையக் குத்திட்டாரு!"

அடிப்பாவி, அந்தக் கார்டு வரக் காரணமே நான்தானே!

சங்கம் பதிவானது. சீருடைத் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. மூன்று மாதம் வீம்பாக இருந்து பார்த்தேன். என்னிடம் ஜாக்கெட் தைக்க வந்துகொண்டிருந்த நாலு பேரும் வரவில்லை. கடைசியில் நானே உறுப்பினர் மனுவோடு போய் நின்றேன். மாமியாரும் மருமகளும் அருகருகே உட்கார்ந்து, ஒரே தூக்குவாளியிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கக்கா, இருபத்தாறாவது ஆளு நீங்க" என்றாள் நாகஜோதி.

கிழவி பட்டனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாரு யாருகிட்ட என்ன சொன்னான்னு நாங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சு ரோகிணி. ஒக்காரு. நீ மட்டும் பிரிச்சு வைக்கலன்னா இந்தச் சங்கமே இல்ல" என்று சொல்லி, ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். நாகஜோதி சிரித்துக்கொண்டே என் மனுவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்தும் அச்சடித்தது போலத்தான் இருந்தது, பாழாய்ப்போனவளுக்கு.