ஒரு சாண் இடைவெளி

மலையில் இருப்பவனுக்குப் பாய்மரப் படகு எதற்கு என்று எங்கள் பெரக்கரை நாட்டு மலையூர்களில் கேட்காதவர் இல்லை. என் மாமா கடற்கரை ஊரொன்றில் படகுப் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவர். பட்டறையை மூடும்போது முதலாளி இரண்டு பழைய படகுகளைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். பதினாறடிப் படகில் நாலு பேர் போகலாம். பத்தடிப் படகில் இரண்டு பேர். அத்தை கடலைப் பார்த்ததே இல்லை. படகில் கூட்டிப்போவதாகக் கல்யாணத்தின்போதே மாமா சொல்லியிருந்தார்.

ஆனால் படகை நிறுத்திவைக்க எங்கள் ஊரை விட்டால் இடமில்லை. ஜீப்பின் பின்னால் இழுத்துக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறியாக வேண்டும். பெரிய படகின் நீளத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டி, நுனியில் சிவப்புத் துணி சுற்றி, ஜீப்பின் பின்னால் கட்டினார் மாமா. இருப்பதிலேயே குறுகலான வளைவில் என்னை இறக்கிவிட்டார். மூங்கில் சுவரில் இடிக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். இப்போதும் பஸ் ஏறினால் டிரைவர் விழித்திருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே வருவேன். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம். ஜீப் திரும்பியது. சிவப்புத் துணிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"என்ன கண்ணு, இடிக்குதா?"

"இடிக்குதுங்க மாமா."

அவர் இறங்கி வந்து பார்க்கவில்லை.

பத்தடிப் படகுதான் என்று முடிவானது. அடுத்து இஞ்சின். கையில் தூக்கிவிடலாம் போல ஒன்று இருந்தது. அது அடிக்கடி நின்றுவிடுமாம். இன்னொன்று மண்ணெண்ணெயில் ஓடுவது, நிற்காது, ஆனால் ஓர் ஆள் கனம்.

"சின்னதே போதும். பாய் இருக்குது, காத்து இருக்குது," என்றார் மாமா.

அத்தை பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். "காத்தும் நின்னு இஞ்சினும் நின்னா எப்புடிங்க ஊடு வந்து சேருவீங்க? கனமானதையே எடுங்க."

"அப்ப நீ எங்க ஒக்காருவ? இஞ்சின் மடியிலயா?"

"நான் கரையில ஒக்காந்துக்கறேன்."

மாமா சிரித்தார். அத்தை அடுத்த கொட்டையை எடுத்தாள். கடைசியில் கனமான இஞ்சின்தான் வந்தது.

இரண்டு பேரும் கடலுக்குப் போய்விட்டு வந்தபோது படகு ஒரு கீறல் இல்லாமல் மலையேறியது. கடல் எப்படி இருந்தது என்று அத்தையிடம் கேட்டேன்.

"கரையிலிருந்து பாத்தாலே பெருசாத்தான் இருக்குது, சாமி," என்றாள்.

அந்த வளைவில் ஒரு பொய் சொல்லி அவர்கள் இரண்டு பேரையும் நான்தான் காப்பாற்றினேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.