முப்பதோடு நிறுத்திய முகம்

மாதையனுக்குப் போட்டோ என்றாலே ஆகாது. சில வருடங்களுக்கு முன், காவலூர் தொலைநோக்கியில் நட்சத்திரம் பார்க்க வந்த கூட்டத்தில் யாரோ ஒருவன், தலையில் விறகுக் கட்டோடு அவர் கால் இடறி விழுந்ததை வீடியோ எடுத்து, பாட்டு சேர்த்து, ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டான். ஆலங்காயம் சந்தைக்குப் புளி கொண்டுபோன இடத்தில் இரண்டு பேர் அவரை அடையாளம் கண்டு, விழுந்து காட்டச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து எவர் செல்போனை உயர்த்தினாலும் மாதையன் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். கல்யாண வீட்டிலும் அப்படித்தான்.

மலை மேல் இரண்டு ஏக்கர் சாமை, மாசி பிறந்தால் புளி உலுக்கும் வேலை, செவ்வந்தி என்று ஒரு மனைவி. அவ்வளவுதான் அவர் வாழ்க்கை. பிள்ளை இல்லை. சின்ன வயதில் கரடி கிழித்த இடது காது மட்டும் மடல் பிளந்து இரண்டாகத் தொங்கும். செவ்வந்தியைப் பெண் பார்க்க வந்த நாளில் அவர் அந்தப் பக்கத்தையே காட்டாமல் உட்கார்ந்திருந்தாராம். அதைச் சொல்லிச் சொல்லி முப்பது வருடமாக அவள் அவரைக் கேலி செய்தாள்.

அப்படிப்பட்ட மனிதர் தன் முகத்தைக் கொடுத்தது பர்வீன் ஒருத்திக்குத்தான்.

பர்வீன் வாணியம்பாடிக்காரி. கணவர் பாஷாவுக்குத் தோல் வியாபாரம். மூடிப்போன செருப்புப் பட்டறை ஒன்றிலிருந்து அவர் கொண்டுவந்து கொடுத்த பழைய அழுத்து மிஷினை வீட்டுப் பின்கட்டில் வைத்துக்கொண்டு பர்வீன் படம் அச்சிடுவாள். ரப்பர் போன்ற ஒரு தகட்டில் உளியால் செதுக்கி, கறுப்பு மை உருட்டி, தாளை வைத்து அழுத்தி எடுப்பாள். செதுக்கிய கோடு வெள்ளையாக விழும், மற்றதெல்லாம் கறுப்பு.

அவள் அச்சிட்டதெல்லாம் ஜவ்வாது மலையின் நடுகற்களைத்தான். அந்தக் காலத்தில் இரண்டு நாடுகளுக்கு நடுவே எல்லையாகக் கிடந்த மலை இது. அந்தப் பக்கத்து ஆட்கள் வந்து மாடுகளை ஓட்டிப் போவார்கள். இந்தப் பக்கத்து ஆள் ஒருவன் துரத்திப் போவான். மாடுகள் திரும்பி வரும், பல நேரம் அவன் வரமாட்டான். அவனுக்கு ஒரு கல் நடுவார்கள். கையில் கத்தியும் வில்லுமாக நிற்கும் அந்தக் கற்களை மலைக்காரர்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எந்தக் கல் எந்தச் சரிவில் எந்தப் புதருக்குள் இருக்கிறது என்று பர்வீனுக்குக் காட்டியவர் மாதையன். ஆறு வருடம் அவர் முன்னால் நடக்க, அவள் பின்னால் நடந்தாள். அவரை அண்ணா என்பாள், செவ்வந்தியை அண்ணி என்பாள். செவ்வந்திக்கு அவள் அக்கா.

மாதையனின் ஊருக்கு மேலே நிற்கும் கல்லில் வீரனின் முகம் மழையிலும் எண்ணெயிலும் முழுக்கத் தேய்ந்துவிட்டிருந்தது. அந்த முகத்தின் இடத்தில் உங்கள் முகத்தை வரையட்டுமா என்று பர்வீன் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் கல்லின் தேய்ந்த முகத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"கையால எழுதறதுன்னா எழுதிக்கோம்மா. இதுலயாவது நான் கீழ வுழமாட்டேன் இல்ல?"

அவர் கல்லருகே நிற்க, தகட்டின் மேலேயே தூரிகையால் வரைந்து முடித்தாள். பின்னால் மலை முகடு, கீழே மாட்டு மந்தை, நடுவே பிளந்த காதோடு மாதையன்.

புரட்டாசியில் பதம் பார்க்க எடுத்த முதல் தாளை அவருக்கே கொடுத்தாள். பிறகு முப்பது பிரதிகள். அதற்கு மேல் ஒன்றுகூடப் போடமாட்டேன் என்று வாங்குகிறவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். முப்பது முடிந்ததும், மறுபடி அச்சிட முடியாதபடி தகட்டைக் கீறிவிட வேண்டும், அதுதான் அந்தத் தொழிலின் நாணயம். மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை முப்பதாவது தாளில் பென்சிலால் எண் போட்டாள். உளியை எடுத்தாள். மூலைக்கு மூலை இரண்டு கோடுகள், பெருக்கல் குறி போல. இரண்டும் மாதையனின் நெற்றியில் சந்தித்துக்கொண்டன. அவளுக்குக் கை கொஞ்சம் கூசத்தான் செய்தது.

ஒன்பது நாள் கழித்துச் செவ்வந்தி பஸ் ஏறி வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. அதைப் பார்த்ததுமே பர்வீனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

போன வாரம் புதன்கிழமை, புளிய மரத்தில் ஏறியவர் கொம்பு முறிந்து விழுந்தாராம். சட்டைப்பையில் இருந்த போனும் நொறுங்கிப் போனதால் பர்வீனின் நம்பர்கூடக் கிடைக்கவில்லை. காரியத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, கல்யாணத்துக்கே போட்டோ எடுக்காத அந்த வீட்டில் வைத்துக் கும்பிட ஒரு முகம் இல்லை. செவ்வந்தி முந்தானை முடிச்சிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள். அதில் கண் மூடிய ஒரு கறுப்புத் திட்டு மட்டும் இருந்தது.

நான் கொடுத்த படம் என்னவாயிற்று என்று பர்வீன் கேட்டாள். செவ்வந்தி தலை குனிந்தாள். சாமியின் கத்தியைப் பிடித்துக்கொண்டு தன் முகம் வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்று பயந்து, மாதையன் அதைக் கல்லுக்கு முன்னால் வைத்து மஞ்சள் தெளித்துவிட்டு வந்துவிட்டாராம். ஐப்பசி மழை அதைக் கூழாக்கிவிட்டது. அக்காவிடம் சொல்லாதே, வருத்தப்படும் என்று சத்தியம் வாங்கியிருந்தாராம்.

பிறகு செவ்வந்தி மெதுவாகச் சொன்னாள். "சாமி மூஞ்சிக்கு பதிலா இவர் மூஞ்சிய வெச்சதாலதான் சாமி எடுத்துக்கிச்சுன்னு ஊர்ல பேசிக்கிறாங்கக்கா. எனக்கு அதெல்லாம் வாணாம். மூஞ்சி ஒண்ணு இருந்தா போதும்."

பின்கட்டில், பத்தடி தூரத்தில், பழைய துணிக்கு அடியில் அந்தத் தகடு கிடந்தது. நெற்றியில் கீறலோடு. அதை எப்படிக் காட்டுவாள்? எல்லாம் விற்றுப்போயிற்று, ஒன்றும் மிச்சமில்லை அண்ணி என்று பர்வீன் சொன்னாள். செவ்வந்தி நம்பினாள். கொடுத்த டீயைப் பாதி குடித்துவிட்டு, வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

பர்வீன் மிஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அவளைப் பெற்ற அத்தா சுவரில் எந்தப் படத்தையும் மாட்ட விடாதவர். அவர் மௌத்தானபோது மிஞ்சியது பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த கட்டைவிரல் அளவு முகம் ஒன்றுதான். அதைப் பெரிதாகப் பார்க்கும் ஆசையில்தான் அவள் முதன்முதலில் பென்சிலைப் பிடித்தாள். முகம் இல்லாமல் போவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒருத்தியை வெறுங்கையோடு அனுப்பிவிட்டாள்.

பாஷா வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, முப்பது பேரில் யாராவது ஒருவர் திருப்பித் தருவார்களா கேள் என்றார். மறுநாள் முழுக்கப் போன் செய்தாள். சிலர் வருத்தப்பட்டார்கள், சிலர் எடுக்கவே இல்லை, ஒருவரும் தரவில்லை. செல்போனில் எடுத்து அனுப்பச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை, அவருக்குத்தான் போட்டோ ஆகாதே. மறுபடியும் அழுதவளைப் பார்த்துப் பாஷா சொன்னார்:

"இங்க குந்திக்கினு அழுவறத அங்க போய் அழுவு. காலைல ஏழு மணிக்கு பஸ்ஸு இருக்குது."

பர்வீன் துணியை விலக்கித் தகட்டை எடுத்தாள். மை உருட்டினாள். ஒரே ஒரு தாள். கறுப்பில் மாதையன் எழுந்து வந்தார். அவர் மேல் இரண்டு வெள்ளைக் கோடுகளும் வந்தன.

மை காய இரண்டு நாள் பொறுத்து, காவலூரில் இறங்கி நாலு கிலோமீட்டர் நடந்தாள். வழியெங்கும் மரங்களில் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். கோடுகளைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே நடந்தாள்.

செவ்வந்தி படத்தைத் தரையில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு புளியங்கொட்டைகளை வைத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது இன்னா கோடு?"

பர்வீன் தொழிலின் வழக்கத்தைச் சொன்னாள். வேண்டுமானால் மையால் நிரப்பிவிடுகிறேன் என்றாள்.

"எப்ப கீறுனீங்க?"

தயார் செய்த பொய் நாக்கு நுனி வரை வந்தது. எதிரே தரையில் பிளந்த காதோடு அந்த மனிதர் படுத்திருந்தார்.

"செவ்வாய்க்கிழமை, அண்ணி. அவரு வுழறதுக்கு மொத நாளு."

வெளியே எங்கோ கொம்பு குலுங்கி, புளி சடசடவென்று கொட்டியது. செவ்வந்தி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அவரு ஏறமாட்டேன்னுதான் சொன்னாரு. கொம்பு காஞ்சிருக்குது, நாளைக்கு வேற மரம் பாத்துக்கலாம்னாரு. நான்தான் ஏறுய்யா, எப்ப பாத்தாலும் ஒரு சாக்குன்னு தொரத்தனேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஊரு உங்க படத்த கொற சொல்லும்போது நான் வாய தொறக்கல. எனக்கு அது நிம்மதியா இருந்திச்சு அக்கா."

இரண்டு பேரும் அந்தத் தாளின் இருபக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று தெரியாது. அழுகை ஓய வெகுநேரம் ஆயிற்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு செவ்வந்தி குனிந்து பார்த்தாள். கோடுகள் நெற்றியை, கன்னத்தை, தோளை வெட்டியிருந்தன. பிளந்த காதை மட்டும் தொடவில்லை. அந்தப் பிளவின் மேல் விரலை வைத்தாள். பெண் பார்க்க வந்த நாளில் அவர் மறைத்துக்கொண்ட காது.

"நெரப்பாதீங்க. அப்படியே இருக்கட்டும்" என்றாள். பிறகு தாளை நெஞ்சோடு தூக்கிக்கொண்டு, அவர் படுக்கும் இடத்துக்கு மேலே ஆணி அடிக்கச் சுவரைத் தடவினாள்.

"இத வேடியப்பனுக்குக் குடுக்கமாட்டேன்."