பெயர் அழிந்த இரண்டு புட்டிகள்

டாக்டர் பரமேஸ்வரி காலமான செய்தியைச் சென்ற செவ்வாய்க்கிழமை அவருடைய தம்பி மகள் தொலைபேசியில் சொன்னாள். "அத்தை உங்கள அடிக்கடி விசாரிப்பாங்க அங்கிள்" என்றாள். என்ன விசாரித்தார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில், மலாய்த் தீவு நகரான ஜார்ஜ் டவுனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவர் ஆய்வாளர், நான் உதவியாளன். வேலியோரம் வளரும் பூனைமீசைச் செடியின் இலையிலிருந்து ஃபிளேவனாய்டு என்ற மஞ்சள் பொருளைப் பிரித்தெடுத்து, அது வீக்கத்தைத் தணிக்குமா என்று சோதித்தோம். எலியின் பாதத்தில் வீக்கம் உண்டாக்கி மணிக்கொரு முறை அளக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க மருந்துக்கடையில் கிடைக்கும் வீக்க மருந்தும் இருந்தது.

எலிகளிடம் அவர் கனிவாகப் பேசுவார். "மன்னிச்சுக்கடா செல்லம், ஒரே ஊசிதான்." என்னிடம் பேசும்போது மட்டும் அவருக்கு அந்தக் கனிவு வராது. "அண்ணே, நீங்க அளக்கிற வேகத்துக்கு வீக்கம் தானா வடிஞ்சிடும் லா!"

முதல் சோதனையில் எங்கள் இலை மருந்தையே மிஞ்சியது. எல்லாருக்கும் தேங்காய்ப்பால் ஊற்றிய செண்டோல் ஐஸ் வாங்கித் தந்தார்.

அன்று காலை, சோதனைக்கு முன் நடந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. என் கை பட்டு ஆல்கஹால் கொட்டி, இலைச்சாறும் கடை மருந்தும் இருந்த இரண்டு புட்டிகளின் சீட்டிலும் மை கரைந்துவிட்டது. உள்ளே இருந்த இரண்டும் ஒரே இளமஞ்சள். இடப்பக்கம் இருந்தது இலை என்ற நினைப்பில் புதுச்சீட்டு எழுதி ஒட்டினேன்.

அதன்பின் புதிதாகச் சாறெடுத்து எத்தனை முறை செய்தும் இலை வீக்கத்தை ஓரளவு தணித்ததே தவிர, மருந்தை மிஞ்சவில்லை. "இன்னொரு தடவ பாத்திருவோம் அண்ணே" என்று ஓராண்டுக்கு மேல் முயன்றார். எழுதி முடித்த கட்டுரையை அனுப்ப மறுத்தார். "ஒரு தடவ வந்தது உண்மையாகாது." கூட்டத்தில் மேலதிகாரி, "உங்க மீசைய பூனையே தின்னுடுச்சா?" என்று சிரித்தார். திட்டம் நின்றது. நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

சாமான்களைக் கட்டிய நாளில் ஒரு புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இப்பல்லாம் சீட்ட பென்சில்லதான் எழுதுறீங்க."

"ஆமாம் டாக்டர். ஆல்கஹால்ல கரையாது."

"எப்பலேர்ந்து அண்ணே?"

நான் அடுத்த பெட்டிக்குக் கயிறு சுற்றத் தொடங்கினேன். அவர் காத்திருந்தார். பிறகு புட்டியைப் பெட்டியில் வைத்துவிட்டு, "சரி, வாங்க டீ குடிப்போம்" என்றார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்டதேயில்லை.

மாற்றித்தான் ஒட்டினேனா? இன்றும் உறுதியாகத் தெரியாது. கண்ணை மூடினால் பெயரில்லாத இரண்டு புட்டிகள் வந்து நிற்கின்றன. ஒருவேளை இலை உண்மையிலேயே வென்றிருக்கலாம். அந்த ஒருவேளைதான் அவருடைய ஓராண்டைத் தின்றது.

புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். சவப்பெட்டியில், மூக்குக்கண்ணாடி இல்லாத அவர் முகம், நான் ஏதோ சொல்வேன் என்று காத்திருப்பதுபோலவே இருந்தது. வாசலில் இரங்கல் குறிப்பேடு, நூலில் கட்டிய பேனா. என் சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து எழுதினேன்:

"அந்த முதல் சோதனை நாளிலிருந்து, டாக்டர். போய் வாருங்கள்."