அரண்மனை வாசலில் அப்பா

கோவில்பட்டியில் செருப்புக் கடையைத் தாண்டும்போது புது ரப்பர் வாசனை வந்தால், எனக்கு எட்டயபுரம்தான் நினைவுக்கு வரும்.

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்ததும் அப்பா என்னை அங்கே அரண்மனை பார்க்கக் கூட்டிப்போனார். வெள்ளைக்காரன் காலத்துத் தூண்களும் வளைவு ஜன்னல்களும் அவ்வளவு அழகு. ஆடு மேய்க்கும் அப்பா, வாசல் நெருங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஜமீன் வாசலில் எங்கள் ஆட்களின் பழைய வழக்கம் அது.

“ஏலே, இப்ப உள்ள புறாதாம்ல இருக்கு. யாருக்கு இந்த மரியாத?” என்று எதிரே இருந்த டீக்கடைக்காரர் சிரித்தார்.

“பழகிட்டு, அண்ணாச்சி” என்றார் அப்பா.

நானும் என் புதுச் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். அப்பா பதறிவிட்டார். “ஏட்டி, நீ கழட்டாத! படிக்குத பிள்ள நீ. போட்டுக்கிட்டே நட.”

எங்கள் வீட்டில் அந்த வாசலைச் செருப்போடு கடந்த முதல் ஆள் நான்தான். சுடும் மண்ணில் வெறுங்காலோடு பின்னால் வந்த அப்பா, என் பாதங்களையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நடந்தார்.